6055ஆம் எழுத்து

12ஆம் குரோமோசோமில் எல்.ஆர்.ஆர்.கே.2 என்றொரு மரபணு இருக்கிறது. 2,527 அமினோ அமிலங்களைக் கோத்து ஒரு பெரிய புரதத்தை உருவாக்கும் குறிப்பு அதில் எழுதியிருக்கிறது. அந்தக் குறிப்பின் 6055ஆம் எழுத்து ‘ஜி’. மிகச் சிலருக்கு மட்டும் அந்த இடத்தில் ‘ஏ’ இருக்கும். ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளில் ஒன்று மாறியதால், புரதத்தின் 2019ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாகச் செரின் வந்து உட்காருகிறது. ஆய்வகங்களில் இதை ஜி2019எஸ் என்பார்கள். பார்க்கின்சன் நோய் பரம்பரையாக வருவதற்கு இதுவரை தெரிந்திருக்கும் காரணங்களில் அதிகம் பேரிடம் காணப்படுபவற்றுள் இது ஒன்று.

இந்தப் புரதம் ஒரு நொதி. மற்றப் புரதங்கள்மீது பாஸ்பேட்டை ஒட்டி அவற்றின் வேலையைக் கூட்டுவதும் குறைப்பதும் இதன் பணி. ஜெர்மனியின் மத்தியாஸ் மான், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இருக்கும் டேரியோ அலெசி ஆகியோரின் குழுக்கள் 2016இல் ஒன்றைக் கண்டுபிடித்தன. ராப் என்ற புரதக் குடும்பத்தின்மீதுதான் இந்த நொதி பாஸ்பேட்டை ஒட்டுகிறது. செல்லுக்குள் சரக்குகள் போய்வருவதையும் கழிவு செரிக்கப்படுவதையும் ஒழுங்குபடுத்துபவை ராப் புரதங்கள். எழுத்து மாறியவர்களிடம் இந்த நொதி அளவுக்கு மீறி உழைக்கிறது. ஐம்பது, அறுபது ஆண்டுகள் அந்த மிகையைத் தாங்கிய பிறகு சிலருடைய மூளையில் டோபமைன் தரும் செல்கள் மடியத் தொடங்குகின்றன. வேறு சிலருக்குத் தொண்ணூறு வயதிலும் ஒன்றும் ஆவதில்லை. அதே எழுத்து, அதே இடம்.

எழுத்து மாறியது எப்போது? பக்கத்து எழுத்துகளைக் கேட்டால் ஓரளவு தெரியும். ஒரு மாற்றம் பிறக்கும்போது, அதன் இருபுறமும் இருக்கும் எழுத்துகளோடு சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆனால் கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்ளும். பாட்டியின் பட்டுப்புடவையைத் தலைமுறைதோறும் வெட்டி வேறு துணியோடு இணைத்துத் தைத்தால், கரையோடு ஒட்டிய பழைய துண்டு சிறுத்துக்கொண்டே வருமே, அப்படி மாற்றத்தைச் சுற்றியிருக்கும் பழைய பகுதியும் சிறுக்கிறது. மிச்சமிருக்கும் நீளத்தை அளந்து வயதைக் கணிக்கிறார்கள். ஒரு கணக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் என்றது. இன்னொன்று நாலாயிரத்தைத் தாண்டியது. பிறந்த இடம் மேற்காசியா என்போரும் உண்டு, வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்கள் என்போரும் உண்டு. ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமில்லை. துனிசியாவின் குடும்பங்கள், அஷ்கெனாசி யூதக் குடும்பங்கள், எழுத்து மாறிய ஐரோப்பியக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஆகிய எல்லாவற்றுக்கும் இது ஒரே மூதாதையிடமிருந்து வந்தது. ஜப்பானியரிடம் காணப்படும் அதே மாற்றத்துக்குப் பக்கத்து எழுத்துகள் வேறு. அங்கே அது தனியாக இன்னொரு முறை பிறந்திருக்கிறது.

அந்த மூதாதை ஆணா பெண்ணா என்றுகூடத் தெரிய வழியில்லை. பிள்ளைகளைப் பெற்று வளர்த்து முடித்த வயதில்தான் நோய் வரும் என்பதால், இயற்கைத் தேர்வு இந்த எழுத்தைத் தடுத்து நிறுத்தவில்லை. அது வட ஆப்பிரிக்காவில் நிலைத்தது. யூதர்களோடு ஐரோப்பாவின் கிழக்குக்கும் வடக்குக்கும் போனது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் தங்கியது, அங்கிருந்து கப்பலேறியவர்களோடு தென் அமெரிக்காவுக்கும் போனது. எத்தனையோ தலைமுறைகளில் யாரோ ஒரு கிழவருக்குக் கை நடுங்கியிருக்கும், நடை குறுகியிருக்கும். வயதாகிவிட்டது என்று சொல்லி வீட்டார் தாங்கிப் பிடித்திருப்பார்கள்.

மருத்துவ உலகமும் வெகுகாலம் பரம்பரைப் பேச்சை நம்பவில்லை. 1980களில் அந்த அவநம்பிக்கை இன்னும் இறுகியது. கலிபோர்னியாவில் போலி ஹெராயினை ஊசியாகப் போட்டுக்கொண்ட சில இளைஞர்கள், முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போலச் சில நாட்களில் அசைவற்றுப் போனார்கள். அதிலிருந்த எம்.பி.டி.பி. என்ற ரசாயனம்தான் காரணம் என்று 1983இல் தெரியவந்ததும், குற்றவாளி சுற்றுச்சூழலில்தான் இருக்கிறான் என்று பலரும் தேடத் தொடங்கினார்கள். பரம்பரையின் பக்கம் கதவைத் திறந்தது தென் இத்தாலியில் உள்ள கொந்துர்சி என்ற சிற்றூரின் குடும்பம். அமெரிக்காவுக்கும் கிளை பரப்பிய அந்தப் பெருங்குடும்பத்தை நியூ ஜெர்சியில் லாரன்ஸ் கோல்பியும் ராஜர் துவாசினும் பல ஆண்டுகள் தேடித் தொகுத்தார்கள். 1997இல் அவர்களிடம் ஆல்பா-சைநியூக்ளின் மரபணுவில் ஒரு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு பரம்பரை இல்லை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

நம் எழுத்தின் இருப்பிடத்தை முதலில் நெருங்கியவர்கள் ஜப்பானியர். சகாமிஹாரா என்ற ஊரைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் ரத்தத்தை வைத்து, நோய்க்குக் காரணம் 12ஆம் குரோமோசோமின் குறிப்பிட்ட பகுதியில் இருப்பதாக 2002இல் அறிவித்தார்கள். 2004 நவம்பரில் ‘நியூரான்’ இதழில் இரண்டு குழுக்கள் எல்.ஆர்.ஆர்.கே.2 மரபணுவை அடையாளம் காட்டின. ஒரு குழுவிடம் ஸ்பெயினின் பாஸ்க் குடும்பங்கள் இருந்தன, இன்னொன்றிடம் அமெரிக்காவின் மேற்கு நெப்ராஸ்காவைச் சேர்ந்த பெருங்குடும்பம் ஒன்று இருந்தது. ஜி2019எஸ் வெளிச்சத்துக்கு வந்தது 2005 ஜனவரியில், ‘லான்செட்’ இதழில் ஒரே சமயத்தில் வெளியான மூன்று கட்டுரைகளில். சகாமிஹாரா குடும்பத்தினரிடம் இருந்தது அதையடுத்த 2020ஆம் இடத்து மாற்றம் என்பதும் பிறகு தெரிந்தது.

ஓராண்டு கழித்து, 2006இல், ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த இரு அறிக்கைகள் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தன. நியூயார்க்கில் பரிசோதிக்கப்பட்ட அஷ்கெனாசி யூத நோயாளிகளில் 18 சதவீதம் பேரிடம் இந்த எழுத்து இருந்தது. வட ஆப்பிரிக்க அரபு நோயாளிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேரிடம் இருந்தது. உலக அளவில், குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் இல்லாத பார்க்கின்சன் நோயாளிகளிடம் இது சுமார் ஒரு சதவீதம்தான்.

அந்த வட ஆப்பிரிக்கக் கணக்கில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது 40 என்ற எண் அல்ல. குடும்பத்தில் பலருக்கு நோய் இருந்தவர்களிடமும், “எங்கள் வீட்டில் யாருக்குமே இல்லை” என்றவர்களிடமும் அந்த எழுத்து ஏறக்குறைய சம அளவில் இருந்தது. அப்படியென்றால், யாருக்கும் இல்லை என்று சொன்னவர்களின் அப்பாவோ அம்மாவோ அதைச் சுமந்திருக்கிறார்கள். நோயின்றி வாழ்ந்திருக்கிறார்கள், அல்லது நோய் வரும் வயதுக்கு முன்பே போய்விட்டார்கள். துனிஸ் நகரின் தேசிய நரம்பியல் நிறுவனத்தில் ஃபைசல் ஹெந்தாத்தியும் அவருடைய சக ஆய்வாளர்களும் தொகுத்த குடும்பங்களில் இன்னொன்றும் தெரிந்தது. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் இந்த எழுத்தைப் பெற்று இரண்டு பிரதிகளோடு வாழ்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு பிரதி உள்ள நோயாளிகளைவிட அவர்களுடைய நோய் கடுமையாக இல்லை. எழுத்து இருந்தால் நோய் வந்தே தீரும் என்ற நேர்க்கணக்கு இங்கே செல்லாது.

2008இல் இந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் எழுதப்பட்டது. பல நாட்டு மையங்கள் சேர்ந்து ‘லான்செட் நியூராலஜி’ இதழில் வெளியிட்ட ஆய்வு சொன்னது: இதைச் சுமப்பவருக்கு 59 வயதுக்குள் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு 28 சதவீதம், 69 வயதுக்குள் 51, 79 வயதுக்குள் 74. பயமுறுத்தும் எண்கள்தான்.

அதே ஆண்டு செப்டம்பரில் கூகுளை நிறுவியவர்களில் ஒருவரான செர்கே பிரின், தனக்கு இந்த எழுத்து இருப்பதை உலகறியச் சொன்னார். மாஸ்கோவில் பிறந்து ஆறு வயதில் பெற்றோரோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். அம்மாவுக்கு ஏற்கெனவே பார்க்கின்சன் இருந்தது. அன்று அவருடைய மனைவியாக இருந்த ஆன் வொஜ்சிக்கி வேறு சிலரோடு சேர்ந்து 2006இல் நிறுவிய 23அண்ட்மீ நிறுவனத்தின் பரிசோதனையில் அது தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் குழாயில் குறிப்பிட்ட கோடுவரை எச்சிலைத் துப்பி, மூடியை அழுத்தி அதிலிருக்கும் திரவத்தோடு கலந்து, அஞ்சலில் அனுப்ப வேண்டும். சில வாரங்களில் முடிவு கணினித் திரைக்கு வரும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கருவழியாக மட்டுமே கைமாறிய எழுத்து அப்போதுதான் தபால் வழியாகவும் பயணம் செய்யத் தொடங்கியது. பிரின் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்குப் பெருந்தொகைகளைக் கொடுத்தார், தொடர்ந்து கொடுத்துவருகிறார். அவருக்கு நிபுணர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். எச்சில் குழாயை வாங்கிய மற்ற லட்சக்கணக்கானவர்களுக்கு அப்படி யாரும் இல்லை.

2013 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்த நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, உடல்நலம் பற்றிய முடிவுகளை விற்பதை நிறுத்த வைத்தது. 2017 ஏப்ரலில் பத்து நோய்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. அவற்றில் பார்க்கின்சனும் ஒன்று. அந்த முடிவைத் திறப்பதற்கு முன் தனியாக ஒரு விளக்கப் பக்கத்தைப் படித்து, உண்மையிலேயே பார்க்க வேண்டுமா என்று வாடிக்கையாளர் மறுபடி சம்மதம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஒரு பக்கம் படித்துப் பொத்தானை அழுத்துவதை ஆலோசனை என்று நான் ஏற்கமாட்டேன். படித்தவர் அழுதால் பக்கத்துக்குத் தெரியாது.

இந்த வகைப் பரிசோதனையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அது இந்தியர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். சில குறிப்பிட்ட எழுத்துகளை மட்டுமே அது பார்க்கிறது. இந்தியப் பார்க்கின்சன் நோயாளிகளிடம் ஜி2019எஸ்ஸைத் தேடி 2006இலேயே ஆய்வுகள் நடந்தன. கிட்டத்தட்ட எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே ஓர் இந்தியக் குடும்பத்தில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நோய் இருந்து, மகன் எச்சில் குழாயை அனுப்பி, “மாற்றம் காணப்படவில்லை” என்று பதில் வந்தால், அதில் நிம்மதி அடைய ஒன்றுமே இல்லை. அந்தக் குடும்பத்தில் இருக்கக்கூடிய மாற்றத்தை அந்தப் பரிசோதனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆலோசகர் ஒருவர் இருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லியிருப்பார்.

இனி அந்த 74க்கு வருகிறேன். 2008இல் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் பெரும்பாலும் நோயாளிகள் நிறைந்தவை. அங்கே தேடினால் வாய்ப்பு அதிகமாகத்தான் தெரியும். பின்னர் நியூயார்க்கிலும் டெல் அவிவிலும் அஷ்கெனாசி நோயாளிகளின் உறவினர்களை எடுத்து, குடும்பத்தில் எத்தனை பேருக்கு நோய் என்று பாராமல் கணக்கிட்டார்கள். 2015இல் வந்த முடிவு: எழுத்தைச் சுமக்கும் உறவினருக்கு 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 26 சதவீதம். எழுத்து இல்லாத உறவினருக்கே அது 10 சதவீதம். அதாவது முதலில் நூற்றுக்கு 74 பேருக்கு நோய் வரும் என்றார்கள். பிறகு நூற்றுக்கு 74 பேருக்கு வராது என்றார்கள். மற்ற இனத்தவரிடம் செய்த 2017ஆம் ஆண்டுக் கணக்கு ஏறத்தாழ 42 என்றது. துனிசியாவில் நோர்வேயைவிட இளம் வயதிலேயே நோய் தொடங்குகிறது. ஏன் என்று இன்னும் ஆராய்கிறார்கள்.

எழுத்து மாறவே இல்லை. அதன் பக்கத்தில் இருந்த எண்தான் மாறிக்கொண்டே வந்தது. 2008இல் ஒரு பெண்ணிடம் 74 என்று சொல்லியிருந்தால், அவர் வேலையை விட்டிருக்கலாம், பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கலாம், ஒவ்வொரு முறை கையிலிருந்து கரண்டி நழுவும்போதும் வந்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். 2015இல் அவரை யார் கூப்பிட்டுச் சொல்வது? பரிசோதனை அறிக்கை சொல்லாது. அது அச்சான நாளோடு நின்றுவிடுகிறது. மரபணு ஆலோசகர் என்ற மனிதர் வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். மரபணு ஆலோசனைக்கான முதல் முதுகலைப் படிப்பு 1969இல் நியூயார்க்கின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் தொடங்கியது. நோய் வருமுன்பே அறியும் பரிசோதனைக்கான ஒழுங்குமுறையை ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோய்க்காக 1980களின் பிற்பகுதியில் உருவாக்கினார்கள். முதலில் பேச்சு, யோசிக்க அவகாசம், பிறகு ரத்தம், முடிவைச் சொல்லவும் நேரில் ஓர் அமர்வு. குழந்தைகளுக்குப் பரிசோதனை செய்வதில்லை. பெரியவராகித் தானே முடிவெடுக்கட்டும் என்று விடுகிறார்கள். ஹண்டிங்டனில் மாற்றம் முழு அளவில் இருந்தால் நோய் பெரும்பாலும் வந்தே தீரும். பார்க்கின்சனில் வரலாம், வராமலும் போகலாம். இந்த ‘வரலாம்’ என்பதைப் புரியவைப்பதுதான் கடினம்.

ஆலோசகர் முதலில் ஒரு தாளை எடுத்து வம்ச வரைபடம் போடுகிறார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தவருக்கு உள்ளே கறுப்பு நிரப்ப வேண்டும். இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. எதிரே இருப்பவரைக் காட்ட ஓர் அம்புக்குறி. எழுபது வயதில் நோய் வந்து, பரிசோதனையில் இந்த எழுத்து கிடைத்த ஓர் அஷ்கெனாசி யூதரின் மகள் எதிரே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். “உங்கள் அத்தைக்கு நடுக்கம் இருந்ததா? தாத்தா எந்த வயதில் இறந்தார், எதனால் இறந்தார்?” என்று கேட்கும்போதே சில வட்டங்களும் சதுரங்களும் கறுக்கின்றன. தாத்தா நாற்பத்தைந்தில் விபத்தில் போயிருந்தால் அந்தச் சதுரத்தை வெள்ளையாக விட வேண்டும். அவரிடம் எழுத்து இருந்ததா என்று அது சொல்லாது. பிறகு கணக்கு. அப்பாவிடமிருந்து இந்த எழுத்து மகளுக்கு வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி. வந்திருந்தாலும் அவர்களுடைய சமூகத்தில் 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்றுக்குச் சற்று மேல். இந்த இரண்டையும் பிரித்துப் பிரித்துத் தாளில் எழுதிக் காட்டுகிறார்கள். பலர் பாதி என்பதை நோய்க்கான வாய்ப்பாகவே பிடித்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

அதன் பிறகுதான் கடினமான கேள்விகள். “தெரிந்தால் என்ன செய்வீர்கள்? தெரியாமல் இருந்தால் நிம்மதியாக இருக்குமா? உங்கள் தம்பிக்குச் சொல்வீர்களா? அவர் கேட்க விரும்பாவிட்டால்?” மகளுக்கு எழுத்து இருந்தால், அவருடைய பிள்ளைகளின் வாய்ப்பும் அந்த நிமிடத்தில் மாறிவிடுகிறது. அந்தப் பிள்ளைகள் இதற்குச் சம்மதம் கொடுக்கவில்லை. ஒரே கருமுட்டை இரட்டையரில் ஒருவர் பரிசோதனை செய்துகொண்டால் மற்றவருக்கும் முடிவு வந்துவிட்ட மாதிரிதான். ஒருவர் துப்பிய எச்சில் ஒரு குடும்பத்தையே பேசுகிறது. கடைசியில் மகள் வேண்டாம் என்று எழுந்து போனாலும் அந்த அமர்வு வீணாகவில்லை. வேண்டாம் என்பதும் முறையான பதில்தான், அதை மதிக்கத் தெரியாதவர் இந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

காப்பீட்டுப் பேச்சும் உண்டு. 2008 மே மாதம் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம், மரபணுத் தகவலை வைத்து மருத்துவக் காப்பீட்டிலோ வேலையிலோ பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கும், முதுமையில் நீண்டகாலப் பராமரிப்புக்கான காப்பீட்டுக்கும் அது பொருந்தாது. பார்க்கின்சனில் மிக அதிகம் தேவைப்படுவது அந்த நீண்டகாலப் பராமரிப்புதான். எனவே பரிசோதனைக்கு முன்பே அந்தக் காப்பீடு பற்றி யோசித்துவிடுங்கள் என்று சொல்லும் ஆலோசகர் தன் கடமையைத்தான் செய்கிறார்.

2019இல் அமெரிக்காவின் பார்க்கின்சன் அறக்கட்டளை, நோயாளிகளுக்கு இலவசமாகப் பரிசோதனையும் ஆலோசனையும் சேர்த்தே கொடுக்கும் ‘பி.டி. ஜெனரேஷன்’ திட்டத்தைத் தொடங்கியது. நம் எழுத்து இருக்கும் மரபணுவோடு சேர்த்து ஏழு மரபணுக்களைப் பார்க்கிறார்கள். முடிவை ஆலோசகர் பேசித்தான் தெரிவிக்கிறார். பங்கேற்றவர்களில் சுமார் 13 சதவீதம் பேரிடம் நோயோடு தொடர்புள்ள மாற்றம் கிடைத்தது. மருத்துவர்கள் எதிர்பார்த்ததைவிட இது அதிகம். இந்தத் திட்டத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பரிசோதனையும் ஆலோசனையும் தனித்தனியாக விற்கும் பொருள்கள் அல்ல என்பதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

தபால் வழிப் போன எச்சிலின் கதையோ வேறு பக்கம் திரும்பியது. 2023இல் 23அண்ட்மீயின் சுமார் 69 லட்சம் வாடிக்கையாளர்களின் தகவல்கள் திருடப்பட்டன. அஷ்கெனாசி வம்சத்தவரின் பட்டியல் என்று தனியாகவே அது இணையத்தில் விலைக்கு வந்தது. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. லட்சக்கணக்கானவர்களின் எழுத்துகள் நீதிமன்றத்தில் ஒரு சொத்தாக ஏலத்துக்கு நின்றன. கடைசியில் வொஜ்சிக்கியே தன் லாப நோக்கற்ற அமைப்பின் மூலம் 30.5 கோடி டாலருக்கு அவற்றை வாங்கினார். எச்சில் குழாயை அனுப்பியபோது இதெல்லாம் நடக்கலாம் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்!

இதற்கிடையே ஆய்வகங்களில் எழுத்து இன்னொரு வேலைக்கு உதவியிருக்கிறது. நொதி மிகையாக உழைக்கிறது என்றால் அதை அடக்கும் மருந்து செய்யலாம் அல்லவா? டெனாலி, பயோஜென் நிறுவனங்களின் பி.ஐ.ஐ.பி.122 என்ற மாத்திரை மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம்வரை வந்திருக்கிறது. இன்றைக்கு ஓர் ஆலோசகர், “உங்களுக்கு எழுத்து இருப்பது தெரிந்தாலும் நோயைத் தடுக்க நிரூபணமான மருந்து கையில் இல்லை” என்று நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இந்த வகை மருந்து ஒன்று பலித்துவிட்டால் அந்த வாக்கியம் மாறும், ‘தெரிய வேண்டுமா’ என்ற கேள்வியின் எடையும் மாறும். நாற்பது வயதில் நலமாக இருப்பவர்களைத் தேடிப் பரிசோதிக்க வேண்டிவரும்.

அப்போது முதலில் போக வேண்டிய இடம் கலிபோர்னியா அல்ல. நோயாளிகளில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேர் இந்த எழுத்தோடு வாழும் துனிசியா, அல்ஜீரியா, மொராக்கோ. இந்த எழுத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும் பங்கு அந்தக் குடும்பங்கள் கைநீட்டிக் கொடுத்த ரத்தத்திலிருந்து வந்தது. அங்கே மாத்திரை அவர்களால் வாங்கக்கூடிய விலையில் போக வேண்டும். அதற்கு முன்பே, அவர்கள் பேசும் அரபியில் வம்ச வரைபடம் போட்டுப் பேசக்கூடிய ஆலோசகர்கள் ஊருக்கு ஊர் வேண்டும். அவர்களைப் பயிற்றுவிக்கும் வேலையை மருந்து வரும்வரை தள்ளிப்போட வேண்டியதில்லை.